வர்ஜீனியா வேட்

வர்ஜீனியா வேட் பிரிட்டனின் தலைசிறந்த டென்னிஸ் வீராங்கனைகளுள் ஒருவர். 1945 ஜூலை 10 அன்று இங்கிலாந்தின் தென்கரை ஊரான போர்ன்மத்தில் பிறந்தார். முழுப்பெயர் சாரா வர்ஜீனியா வேட். 1968-ல் அமெரிக்க ஓபன், 1972-ல் ஆஸ்திரேலிய ஓபன், 1977-ல் விம்பிள்டன் என மூன்று கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவர். இரட்டையரில் வென்ற நான்கையும் சேர்த்தால் அவருடைய கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் ஏழு. பிரெஞ்சு ஓபன் உட்பட நான்கு பெரும்போட்டிகளிலும் ஏதேனும் ஒரு பட்டமாவது வென்ற ஒரே பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

விம்பிள்டனின் நூற்றாண்டு விழா ஆண்டில், அரசி இரண்டாம் எலிசபெத்தின் முன்னிலையில் பெற்ற வெற்றியே வேட்டின் பெயருடன் பெரிதும் சேர்த்துப் பேசப்படுகிறது. அந்த வெற்றி அவருடைய பதினாறாவது விம்பிள்டனில் வந்தது. அதற்கு முன்பே அவர் இரண்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றிருந்தார். உலகின் முதல் பத்து வீராங்கனைகளில் ஒருவராகப் பதின்மூன்று ஆண்டுகள் நிலைத்திருந்தார். அமெச்சூர் ஆட்டம் முடிந்து தொழில்முறை ஆட்டம் தொடங்கிய காலத்தில், அந்த மாற்றத்தின் இரு பக்கங்களிலும் நின்று ஆடியவர் என்ற வகையிலும் அவருடைய விளையாட்டு வாழ்க்கை டென்னிஸ் வரலாற்றில் தனி இடம் பெறுகிறது.

இளமையும் கல்வியும்

வேட்டின் தந்தை ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆர்ச்டீக்கன் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. வேட்டுக்கு அப்போது வயது ஒன்று. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் டர்பனில்தான் அவர் டென்னிஸ் மட்டையைப் பிடிக்கக் கற்றார். அவருக்குப் பதினைந்து வயதானபோது குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. சில காலம் விம்பிள்டன் பகுதியிலேயே பள்ளிக்குச் சென்றார். 1962-ல், 17 வயது நிறையும் முன்பே, விம்பிள்டன் ஒற்றையர் போட்டியில் முதன்முறையாக ஆடினார்.

அன்றைய பிரிட்டனில் டென்னிஸ் ஒரு பெண்ணுக்குச் சோறு போடும் தொழிலாக இருக்கவில்லை. பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்பதே அமெச்சூர் விதி. பயணச் செலவும் தங்கும் செலவும் கிடைத்தால் அதுவே பெரிது. ஆகவே திறமை இருந்தும் வேட் படிப்பை விடவில்லை. அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து 1966-ல் பட்டம் பெற்றார். 1965-லேயே அமெரிக்காவுக்கு எதிரான வைட்மன் கோப்பை அணியில் இடம்பிடித்திருந்ததால், பல்கலைக்கழகக் காலத்தின் பிற்பகுதி தேர்வுகளுக்கும் போட்டிகளுக்கும் இடையே கழிந்தது. பின்னாளில் முழுநேர ஆட்டக்காரர்கள் பதின்வயதிலேயே பள்ளியை விட்டுப் போவது வழக்கமாயிற்று. பட்டப்படிப்பை முடித்துவிட்டு உலகப் பட்டங்களை வென்ற வேட் அந்த வகையில் ஒரு பழைய தலைமுறையின் பிரதிநிதி.

1968: ஓபன் யுகத்தின் முதல் ஆண்டு

1967 இறுதியில் பிரிட்டனின் லான் டென்னிஸ் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டை நீக்க முடிவு செய்தது. அதன்படி 1968 ஏப்ரலில் போர்ன்மத்தில் நடந்த பிரிட்டிஷ் ஹார்டு கோர்ட் போட்டியே இரு வகை ஆட்டக்காரர்களும் சேர்ந்து ஆடிய முதல் ஓபன் போட்டி. ஆண்கள் பிரிவில் தொழில்முறை வீரர் கென் ரோஸ்வால் ராட் லேவரை வென்றார். பெண்கள் பிரிவில், தாம் பிறந்த ஊரிலேயே வேட் பட்டம் வென்றார். இறுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் வின்னி ஷாவை 6-4, 6-1 என்று தோற்கடித்தார். பெண்களுக்கான முதல் பரிசு 300 பவுண்டு. அப்போது அமெச்சூராகவே இருந்த வேட் அதை வாங்கவில்லை. ஆக, ஓபன் யுகத்தின் முதல் பெண் சாம்பியன் பரிசுப் பணம் இல்லாமலேயே வீடு திரும்பினார்.

ஜூன் மாத இறுதியில் தொடங்கிய முதல் ஓபன் விம்பிள்டன் அவருக்குப் பெரும் ஏமாற்றமாக முடிந்தது. முதல் சுற்றிலேயே சுவீடனின் கிறிஸ்டினா சாண்ட்பெர்க்கிடம் தோற்றார். உள்ளூர் ரசிகர்களின் எதிர்பார்ப்பைச் சுமந்து ஆடும்போது வேட்டின் ஆட்டம் நிலைகுலையும் என்ற பேச்சு அந்த ஆண்டிலேயே வலுப்பெற்றது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

ஆனால் இரண்டே மாதங்களில் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில் முதல் அமெரிக்க ஓபன் நடந்தபோது காட்சி மாறியது. தொழில்முறை வீராங்கனையாக அங்கே களமிறங்கிய வேட், அரையிறுதியில் சக நாட்டவரான ஆன் ஜோன்ஸை வென்றார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் நடப்புச் சாம்பியனும், தொடர்ந்து மூன்று முறை விம்பிள்டன் வென்றவருமான பில்லி ஜீன் கிங். அவரை வேட் 6-4, 6-2 என்ற நேர் செட்களில் வீழ்த்தினார். 1930-ல் பெட்டி நட்டால் வென்ற பிறகு அமெரிக்கப் பட்டத்தை எந்த பிரிட்டிஷ் பெண்ணும் வென்றிருக்கவில்லை. வேட்டுக்குக் கிடைத்த பரிசு 6,000 டாலர்.

அதே போட்டியில் ஆண்கள் பட்டத்தை வென்ற ஆர்தர் ஆஷ் அமெச்சூர் என்பதால் அவருக்குரிய 14,000 டாலரைப் பெற முடியவில்லை. ஏப்ரலில் போர்ன்மத்தில் வேட் இருந்த நிலையில் செப்டம்பரில் ஆஷ் இருந்தார். பழைய விதிகள் சாயாமலும் புதிய விதிகள் வேர் பிடிக்காமலும் இருந்த அந்த ஓராண்டின் குழப்பத்தை இந்த இரண்டு சம்பவங்களும் தெளிவாகக் காட்டுகின்றன. ஆண்களுக்கு 14,000, பெண்களுக்கு 6,000 என்ற இடைவெளியும் அடுத்த சில ஆண்டுகளின் பெரிய போராட்டத்துக்கு விதையாயிற்று.

பட்டங்களும் இரட்டையர் ஆட்டமும்

1971-ல் வேட் இத்தாலிய ஓபனை வென்றார். களிமண் தரையில் பந்து மெதுவாக எழும்; வலைக்கு ஓடி வந்து ஆடுபவர்களுக்கு அது ஒத்துவராது. அந்தத் தரையில், களிமண் ஆட்டத்தில் தேர்ந்த மேற்கு ஜெர்மனியின் ஹெல்கா மாஸ்ட்ஹாஃபை இறுதி ஆட்டத்தில் வென்றது அவருடைய ஆட்டத்தின் பரப்பைக் காட்டியது. அடுத்து 1972 தொடக்கத்தில் மெல்போர்னின் கூயாங் மைதானத்தில் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். இறுதி ஆட்டத்தில் 6-4, 6-4 என்று அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலிய ரசிகர்களின் செல்லப்பிள்ளையும் அப்போதைய விம்பிள்டன் சாம்பியனுமான ஈவான் கூலகாங்.

இரட்டையரில் வேட்டின் வெற்றிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் மார்கரெட் கோர்ட்டுடன் சேர்ந்து வந்தவை. 1973-ல் இந்த ஜோடி ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் ஆகிய மூன்றையும் வென்றது. நான்கு பெரும்போட்டிகளில் விம்பிள்டன் மட்டுமே கைக்கு எட்டவில்லை. 1975-ல் அமெரிக்க ஓபனை இருவரும் மீண்டும் வென்றனர். அமெரிக்க ஓபனின் அந்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் அவர்களிடம் தோற்றது பில்லி ஜீன் கிங், ரோஸி கசல்ஸ் ஜோடி. அன்றைய மிகச் சிறந்த இரட்டையர் ஜோடி என்று பெயர் பெற்றிருந்தவர்கள் அவர்கள். இந்த நான்கு பட்டங்கள் தவிர மேலும் ஆறு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் இறுதி ஆட்டங்களிலும் வேட் ஆடினார்.

கணினி கணக்கிடும் உலகத் தரவரிசையை மகளிர் டென்னிஸ் 1975 நவம்பரில் அறிமுகப்படுத்தியபோது வேட் இரண்டாம் இடத்தில் இருந்தார். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் அதுதான். 1967 முதல் 1979 வரை ஓராண்டுகூட விடாமல் உலகின் முதல் பத்து பேரில் அவர் கணக்கிடப்பட்டார். இந்தக் காலத்தில் கோர்ட், கிங், கூலகாங், கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா என்று மகளிர் டென்னிஸின் மிகப் பெரிய பெயர்கள் அடுத்தடுத்து ஆட்சி செய்தன. அந்த வரிசையில் உள்ள எவரும் வேட்டை எளிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மகளிர் டென்னிஸ் சங்கம்

ஓபன் யுகம் பணத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஆண்களுக்கே போயிற்று. 1968 விம்பிள்டனில் ஆண்கள் சாம்பியனுக்கு 2,000 பவுண்டும் பெண்கள் சாம்பியனுக்கு 750 பவுண்டும் தரப்பட்டன. இதை எதிர்த்து 1970-ல் பில்லி ஜீன் கிங்கும் மற்றும் சில வீராங்கனைகளும் அமெரிக்காவில் தனிப் போட்டித் தொடர் தொடங்கினர். வீராங்கனைகள் இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த அந்த ஆண்டுகளில் வேட் தொடக்கத்தில் அந்தத் தொடருக்கு வெளியே இருந்தார்.

1973 ஜூனில், விம்பிள்டன் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், லண்டனின் குளோஸ்டர் ஹோட்டலில் கிங் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். முடிவெடுக்காமல் யாரும் வெளியேறக் கூடாது என்பதற்காகக் கதவைப் பூட்டிக் காவல் நின்றவர் நெதர்லாந்தின் பெட்டி ஸ்டோவ். அந்த அறையில் பிறந்ததுதான் மகளிர் டென்னிஸ் சங்கம். கிங் அதன் முதல் தலைவர். வேட் துணைத் தலைவர். அதே ஆண்டில் அமெரிக்க ஓபன் ஆண், பெண் இருபாலருக்கும் சமப் பரிசு தந்த முதல் கிராண்ட் ஸ்லாம் போட்டியாயிற்று. விம்பிள்டன் அதே முடிவுக்கு வர 2007 வரை ஆயிற்று. கதவைக் காத்த ஸ்டோவும் துணைத் தலைவரான வேட்டும் நான்கு ஆண்டுகள் கழித்து விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றனர்.

ஆட்ட முறை

வேட்டின் ஆட்டம் தாக்குதல் ஆட்டம். சர்வ் போட்ட கையோடு வலைக்கு ஓடி, திரும்பி வரும் பந்தைத் தரையில் விழவிடாமல் வாலியில் அடித்து முடிப்பது அவருடைய வழி. அவருடைய முதல் சர்வ் அன்றைய மகளிர் டென்னிஸில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது. ஒற்றைக் கை பேக்ஹேண்டில் பந்தின் அடிப்பகுதியைச் சீவிவிடும் ஸ்லைஸ் அவருடைய இன்னொரு பலம். புல்தரையில் அந்தப் பந்து எழும்பாமல் தரையோடு சறுக்கிப் போகும். எதிராளி குனிந்து அதை எடுத்துத் தரும்போது பந்து உயரமாகத்தான் வரும். அதற்குள் வேட் வலையருகே வந்து நிற்பார்.

உடல் வேகமும் துணிச்சலும் தேவைப்படும் இந்த ஆட்டத்தில் தவறுக்கு இடம் அதிகம். நல்ல நாளில் வேட்டை யாராலும் தடுக்க முடியாது. கெட்ட நாளில் தரவரிசையில் எங்கோ இருப்பவரிடம்கூடத் தோற்பார். உணர்ச்சிகளை முகத்தில் மறைக்கத் தெரியாதவர் என்பதால் களத்தில் அவருடைய பதற்றம் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. பிரிட்டிஷ் ரசிகர்களுக்கும் அவருக்குமான நெருக்கம் இதிலிருந்தே வளர்ந்தது எனலாம். அவர்கள் அவரைச் செல்லமாக "ஜின்னி" என்று அழைத்தார்கள். அவர் வெல்லும்போது துள்ளினார்கள். அவர் தடுமாறும்போது தாங்களே தடுமாறியதுபோல் தவித்தார்கள்.

ஆனால் பதற்றக்காரர் என்ற பெயருக்குள் வேட்டை அடக்கிவிட முடியாது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அவர் மூன்று முறைதான் இறுதி ஆட்டத்துக்கு வந்தார், மூன்றிலும் வென்றார். கிங், கூலகாங் இருவரையும் இறுதி ஆட்டத்தில் நேர் செட்களில் வென்றவரைப் பெரிய ஆட்டத்தில் தளர்ந்துபோகிறவர் என்று சொல்வது பொருந்தாது. அவருடைய சிக்கல் விம்பிள்டனைச் சுற்றியே இருந்தது.

விம்பிள்டனில் பதினைந்து ஆண்டுகள்

1962-ல் தொடங்கி ஆண்டுதோறும் விம்பிள்டனில் ஆடிய வேட் முதல் பதினைந்து முயற்சிகளில் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்தை எட்டவில்லை. காலிறுதியில் பலமுறை நின்றார். 1969-ல் சக நாட்டவரான ஆன் ஜோன்ஸ், கிங்கைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். அதற்கு முன் 1961-ல் ஏஞ்சலா மார்ட்டிமர் வென்றிருந்தார். ஆகவே பிரிட்டிஷ் பெண் விம்பிள்டனை வெல்வது நடக்காத காரியமல்ல. வேட் மட்டும் வெல்லாமல் இருக்கிறார் என்ற உணர்வு ரசிகர்களிடம் இருந்தது.

1974 அரையிறுதி இந்தக் காத்திருப்பின் மிகக் கசப்பான நாள். சோவியத் வீராங்கனை ஓல்கா மொரசோவாவுக்கு எதிராக முதல் செட்டை வேட் 6-1 என்று அள்ளிக்கொண்டார். அங்கிருந்து ஆட்டம் கைநழுவி, 5-7, 4-6 என்று அடுத்த இரண்டு செட்களையும் இழந்தார். 1976-லும் அரையிறுதி வரை வந்து கூலகாங்கிடம் தோற்றார். அப்போது அவருக்கு வயது 31 நெருங்கியிருந்தது. அதே 1976-ல் 20 வயது சூ பார்க்கர் பிரெஞ்சு ஓபனை வென்று பிரிட்டனின் புதிய நம்பிக்கையாக எழுந்தார். வேட்டின் காலம் கடந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

வேட் அப்படி எண்ணவில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெர்ரி டீகார்டனின் துணையுடன் தமது சர்வைச் சீர்செய்துகொண்டார். அமெரிக்காவின் டீம் டென்னிஸ் போட்டிகளில் நியூயார்க் அணிக்காக, பழைய எதிராளி பில்லி ஜீன் கிங்குடன் ஒரே அணியில் ஆடினார். அணி ஆட்டம் என்பதால் அடிக்கடியும் தொடர்ந்தும் ஆட வேண்டியிருந்தது. 1977 விம்பிள்டனை இலக்காக வைத்து உடலையும் மனத்தையும் தயார் செய்தார்.

1977 விம்பிள்டன்

1877-ல் முதல் போட்டி நடந்த விம்பிள்டனுக்கு 1977 நூற்றாண்டு விழா ஆண்டு. அரசி எலிசபெத்தின் ஆட்சிக்கு அது வெள்ளி விழா ஆண்டாகவும் அமைந்தது. போட்டியின் தொடக்கத்தில் முன்னாள் சாம்பியன்கள் சென்டர் கோர்ட்டில் அணிவகுத்து நினைவுப் பதக்கம் பெற்றனர். விம்பிள்டனை வென்றிராத வேட்டுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

போட்டித் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த வேட் காலிறுதியில் ரோஸி கசல்ஸை வென்று அரையிறுதிக்கு வந்தார். அங்கே காத்திருந்தவர் நடப்புச் சாம்பியனும் உலகின் முதல்நிலை வீராங்கனையுமான கிறிஸ் எவர்ட். பின்கோட்டில் நின்று பிசிறில்லாமல் அடித்துக்கொண்டே இருப்பது எவர்ட்டின் பலம். இருவரும் மோதிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அவரே வென்றிருந்தார். வேட் அவருக்குத் தாளம் பிடிக்க நேரமே கொடுக்கவில்லை. தாழ்வான ஸ்லைஸ் பந்துகளால் அவரைக் குனிய வைத்து, கிடைத்த முதல் வாய்ப்பிலேயே வலைக்குப் பாய்ந்தார். முதல் செட் 6-2. இரண்டாம் செட்டை எவர்ட் 6-4 என்று எடுத்தபோது, பழைய கதை திரும்புகிறதோ என்ற அச்சம் அரங்கில் பரவியது. மூன்றாம் செட்டை வேட் 6-1 என்று முடித்தார். ஆட்டத் தரத்தை மட்டும் பார்த்தால் அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த விம்பிள்டன் ஆட்டம் இதுதான்.

மற்ற அரையிறுதியில் சூ பார்க்கர் வென்றிருந்தால் இரு பிரிட்டிஷ் பெண்கள் இறுதி ஆட்டத்தில் மோதியிருப்பார்கள். ஆனால் காலிறுதியில் நவ்ரத்திலோவாவை வீழ்த்திவிட்டு வந்திருந்த பெட்டி ஸ்டோவ் மூன்று செட்களில் பார்க்கரையும் வென்றார்.

ஜூலை 1 அன்று இறுதி ஆட்டம். அரச மேடையில் அரசி அமர்ந்திருந்தார். அதற்கு முன் அவர் விம்பிள்டனுக்கு வந்தது 1962-ல், வேட் முதன்முறை ஆடிய அதே ஆண்டில். உயரமும் வலிமையும் கொண்ட ஸ்டோவின் சர்வும் அடிகளும் கனமானவை. முதல் செட்டை அவர் 6-4 என்று கைப்பற்றினார். மூன்றாண்டுகளுக்கு முன் முதல் செட்டை வென்றும் ஆட்டத்தை இழந்தவர் வேட். இந்த முறை முதல் செட்டை இழந்தும் கலங்கவில்லை. பந்தைக் கூடுதல் முறை களத்துக்குள் திருப்பி அனுப்பி, ஸ்டோவ் பொறுமை இழக்கும் வரை காத்திருந்தார். இரண்டாம் செட் 6-3 என்று அவர் பக்கம் வந்தது. மூன்றாம் செட்டில் ஒரே ஒரு கேமை மட்டும் விட்டுக்கொடுத்து 6-1 என்று முடித்தார். அடுத்த ஒன்பதாம் நாள் அவருக்கு 32 வயது நிறைய இருந்தது.

வெள்ளை ஆடைக்கு மேல் இளஞ்சிவப்பு கார்டிகன் அணிந்து, களத்துக்கு இறங்கி வந்த அரசியிடமிருந்து பெண்கள் சாம்பியனுக்குரிய வீனஸ் ரோஸ்வாட்டர் தட்டை வேட் பெற்றுக்கொண்டார். அரசி ஏதோ சொன்னார். அரங்கின் ஆரவாரத்தில் அந்தச் சொற்கள் தம் காதில் விழவே இல்லை என்றும், உதடுகள் அசைந்ததை மட்டுமே கண்டதாகவும் வேட் பின்னர் நினைவுகூர்ந்தார். பாராட்டு விழாக்களில் ஆங்கிலேயர்கள் பாடும் வாழ்த்துப் பாடலைச் சென்டர் கோர்ட்டின் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து நின்று ஒரே குரலில் பாடினார்கள். அந்த ஆண்டு பெண்கள் சாம்பியனுக்குப் பரிசு 13,500 பவுண்டு. ஆண்கள் சாம்பியன் பியார்ன் போர்க்குக்கு 15,000. முதல் ஓபன் விம்பிள்டனில் ஆண்களின் பரிசில் பாதிகூட இல்லாதிருந்த பெண்களின் பங்கு ஒன்பதே ஆண்டுகளில் பத்தில் ஒன்பதாக உயர்ந்திருந்தது. பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதும் 1977-ல் வேட்டுக்கே கிடைத்தது.

பிற்கால ஆட்டம்

பட்டம் வென்றதும் ஓய்வு பெறுவார் என்ற எதிர்பார்ப்பை வேட் பொய்யாக்கினார். 1978 விம்பிள்டனில் அரையிறுதி வரை வந்து எவர்ட்டிடம் தோற்றார். 1979-ல் காலிறுதியில் ஆடினார். 1983-ல், 38 வயதைத் தொடும் நிலையில், மீண்டும் காலிறுதிக்கு வந்தார். அவரோடு ஆடத் தொடங்கிய பலர் அதற்குள் பயிற்சியாளர்களாகவும் வர்ணனையாளர்களாகவும் மாறியிருந்தனர். 1985-ல் மூன்றாம் சுற்றில் அமெரிக்காவின் பாம் ஷ்ரைவரிடம் மூன்று செட்களில் தோற்றதே அவருடைய கடைசி விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டம். அவர் ஆடிய இருபத்து நான்காவது விம்பிள்டன் ஒற்றையர் போட்டி அது. 1987 வரை இரட்டையரில் தொடர்ந்தார். ஆக, 1962 முதல் 1987 வரை 26 ஆண்டுகள் இடைவிடாமல் விம்பிள்டனில் ஆடியவர் என்ற சாதனை அவருடையது. ஒற்றையரில் அவர் வென்ற பட்டங்கள் மொத்தம் 55.

நாட்டு அணியில்

தனிப்பட்ட பட்டங்களுக்கு இணையாக நாட்டு அணிக்காக வேட் ஆடியதும் குறிப்பிடத்தக்கது. பிரிட்டன், அமெரிக்கா இரு நாட்டுப் பெண்கள் 1923 முதல் 1989 வரை மோதிய வைட்மன் கோப்பையில் அவர் 1965 முதல் 1985 வரை 21 ஆண்டுகள் தொடர்ந்து ஆடினார். பல ஆண்டுகள் அணித் தலைவராகவும் இருந்தார். அந்தக் கோப்பையில் அமெரிக்காவின் கையே எப்போதும் ஓங்கியிருந்தது. பிரிட்டன் அதன் வரலாற்றில் பத்து முறைதான் வென்றது. அவற்றில் 1968, 1974, 1975, 1978 ஆகிய நான்கும் வேட்டின் காலத்தவை. 1975-ல் கிளீவ்லாந்தில் கிடைத்த வெற்றி, 1925-க்குப் பின் அமெரிக்க மண்ணில் பிரிட்டன் பெற்ற முதல் வைட்மன் கோப்பை வெற்றி. 1978-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 3-3 என்று சமநிலையில் இருந்தபோது, கடைசி இரட்டையர் ஆட்டத்தில் வேட்டும் பார்க்கரும் சேர்ந்து எவர்ட், ஷ்ரைவர் ஜோடியை வென்று கோப்பையை மீட்டனர்.

உலக நாடுகளுக்கான ஃபெடரேஷன் கோப்பையில் 1967 முதல் 1983 வரை 17 ஆண்டுகள் ஆடினார். அந்தக் காலத்தில் பிரிட்டன் 1967, 1971, 1972, 1981 என நான்கு முறை இறுதி ஆட்டத்தை எட்டி நான்கிலும் தோற்றது. அந்தக் கோப்பை மட்டும் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

களத்துக்கு வெளியே

1978-ல் வேட் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். 1984-ல் விம்பிள்டனில் ஆடிய பெண்களின் நூறாண்டு வரலாற்றை எழுதினார். இரண்டு நூல்களும் இணை ஆசிரியர்களின் துணையோடு வந்தவை. விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப்பின் குழுவுக்கு 1980-களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு நூற்றாண்டாக ஆண்களே அமர்ந்திருந்த அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் அவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பிபிசியில் வர்ணனையாளராகவும் பணியைத் தொடங்கினார். ஆட்டத்தின் நுணுக்கங்களை ஆரவாரமில்லாமல் விளக்கும் அவருடைய குரல் பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் வீடுகளில் கேட்டது.

1973-ல் எம்பிஇ, 1986-ல் ஓபிஇ ஆகிய அரச விருதுகளைப் பெற்றார். படித்த சசெக்ஸ் பல்கலைக்கழகம் 1985-ல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1989-ல் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஒற்றையர் பட்டம் வென்ற ஐந்து பிரிட்டிஷ் பெண்களின் மார்பளவுச் சிலைகளை விம்பிள்டன் 2004-ல் நிறுவியபோது கிட்டி காட்ஃப்ரீ, டொரத்தி ரவுண்ட், ஏஞ்சலா மார்ட்டிமர், ஆன் ஜோன்ஸ் ஆகியோருடன் வேட்டின் சிலையும் இடம்பெற்றது.

பின்வந்தவர்களும் வேட்டின் இடமும்

வேட்டுக்குப் பின் பிரிட்டிஷ் மகளிர் டென்னிஸ் நீண்ட வறட்சியைக் கண்டது. ஜோ டியூரி 1983-ல் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் அரையிறுதி வரை சென்றார். விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதிக்கு அடுத்த பிரிட்டிஷ் பெண் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அங்கே வந்த ஜொஹானா கோண்டா வீனஸ் வில்லியம்ஸிடம் தோற்றார். 2013-ல் ஆண்டி மரே விம்பிள்டனை வென்றபோது பிரிட்டன் 77 ஆண்டுகள் காத்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் கணக்கு ஆண்கள் பிரிவுக்கு மட்டுமே பொருந்தும். 1936-ல் ஃப்ரெட் பெரி வென்றதற்கும் மரே வென்றதற்கும் இடையே ரவுண்ட், மார்ட்டிமர், ஜோன்ஸ், வேட் என நான்கு பெண்கள் அந்தப் பட்டத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பெண்களின் வெற்றி கணக்கில் சேராமல் போவதை அப்போதே பலர் சுட்டிக்காட்டினர்.

2021 செப்டம்பர் 11 அன்று 18 வயது எம்மா ரடுகானு அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் கனடாவின் லெய்லா ஃபெர்னாண்டஸை 6-4, 6-3 என்று வென்றார். தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆட்டக்காரர் ரடுகானு. 1977-க்குப் பின் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரை வென்ற முதல் பிரிட்டிஷ் பெண்ணும் அவரே. அமெரிக்க ஓபனைப் பொறுத்தவரை 1968-ல் வேட் வென்ற பிறகு அதை வென்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர். ஆர்தர் ஆஷ் அரங்கில் அமர்ந்து அந்த ஆட்டத்தை நேரில் கண்டவர்களில் வேட்டும் ஒருவர்.

ரடுகானு பெற்ற பரிசு ஆண்கள் சாம்பியனின் பரிசுக்கு இணையானது. வேட் 1968-ல் அதே போட்டியில் பெற்றது ஆண்களுக்குரியதில் பாதிக்கும் குறைவு. அதே ஆண்டு போர்ன்மத்தில் அவர் எதையுமே பெறவில்லை. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்த தலைமுறையில் வேட் முன்வரிசையில் இருந்தவர். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 1977-க்குப் பின் 2025 வரை எந்த பிரிட்டிஷ் பெண்ணும் வெல்லவில்லை. நான்கு பெரும்போட்டிகளிலும் பட்டம், இடைவிடாத 26 விம்பிள்டன்கள், 21 வைட்மன் கோப்பைகள் ஆகிய மூன்றும் ஒரே பெயரில் சேர்ந்திருக்கும் பிரிட்டிஷ் வீராங்கனை வர்ஜீனியா வேட் ஒருவரே.